அப்பா அறுத்த இறக்கை விட்டம்

அந்தப் பசை டப்பாவைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவின் வாசனையும் ஈர மரத்தின் வாசனையும் கலந்தாற்போல் ஒரு நெடி கிளம்பி வீடு முழுவதும் பரவும். ஊதாவும் பழுப்புமான அந்தப் பசை விரலில் பட்டால் எத்தனை தேய்த்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் என் விரல்களைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆரணியில் அது இயல்புதான். வீட்டில் விமானம் செய்கிறோம் என்று நான் சொன்னபோதுதான் சிரித்தார்கள்.

அப்பா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அவர் வடக்கே ஏதோ ஓர் ஊரில் இருப்பவர், லீவில் டிரங்குப் பெட்டியோடு வந்து, பழகுவதற்குள் கிளம்பிவிடுபவர். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் அவர் ஓய்வு பெற்று ஒரேயடியாக வந்துவிட்டபோது அப்பாவுக்கும் மகளுக்கும் பேச ஒன்றுமே இருக்கவில்லை. சாப்பிட்டியா, பாடம் எழுதினியா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். ஒருநாள் அவர் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்துக் கூடத்தில் விரித்தார். இருவர் உட்காரக்கூடிய சின்ன மர விமானத்தின் வரைபடங்கள். வெளிநாடுகளில் இதை வைத்து வீட்டிலேயே செய்து பறக்கிறார்கள் என்றார்.

அம்மா தறியிலிருந்து எழுந்துவந்து பார்த்தாள். "இத்தினி வருசம் எங்கியோ இருந்தீங்க. இப்பதான் வந்தீங்க. வந்ததும் ஆகாசத்துக்குப் போறேன்றீங்களே" என்றாள். ஆனாலும் மரம் வந்தது. நீளமான கூடத்தில் ஒரு பாதி அம்மாவின் தறி, மறுபாதி அப்பாவின் விமானம் என்றாயிற்று. எங்களுடையது "ஏரோப்ளேன்காரர் வீடு" ஆயிற்று.

இறக்கைக்குள் விலா எலும்புபோல் வரிசையாக நிற்கும் சட்டங்களுக்கு மூலைகளில் ஒட்டும் முக்கோண ஒட்டுப்பலகைத் துண்டுகளை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டுவது என் வேலை. ஒட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே அசையாமல் உட்கார்ந்திருக்க நேரும்போது பேசாமல் வேறென்ன செய்வது? அப்படித்தான் அப்பாவுக்குப் பாம்பென்றால் பயம் என்பதும், பாலைவனத்தில் இருந்த நாளில் என் புகைப்படத்தைப் பார்த்து நான் வளர்ந்திருக்கும் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு ஊகித்துக்கொள்வார் என்பதும் எனக்குத் தெரியவந்தன.

எதிர்வீட்டுக்காரர் தினமும் எட்டிப்பார்ப்பார். "மேல போத்தறதுக்குப் பட்டே போடலாமேங்க. ஆரணிப் பட்டு பறந்தா நம்ம ஊருக்குத்தானே பேரு" என்பார். பிளானில் பட்டு இல்லை என்று அப்பா மறுத்துவிடுவார்.

இறக்கையின் முழு நீளத்துக்கும் முதுகெலும்பாக ஓடும் விட்டம் எங்கள் கூடத்தைவிட நீளம். அதன் நுனி சன்னல் வழியாகத் தெருவுக்கு நீட்டிக்கொண்டிருக்க, லாரியில் கட்டுவதுபோல் அதில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தோம். காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டுபவர்கள் முகம் சுளிக்காமல் அதற்கு வழிவிட்டு இழுத்துக் கட்டினார்கள். அது ஐப்பசி மாதம். மூடமுடியாத அந்தச் சன்னல் வழியே மழை ஈரம் உள்ளே வந்துகொண்டேயிருந்தது.

ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அப்பா அதிலேயே இரண்டு துண்டு மரங்களையும் ஒட்டி வைப்பார். காய்ந்தபின் அவற்றைச் சுத்தியலால் உடைப்பார். மரம் பிளந்தால் ஒட்டு நல்லது. ஒட்டிய கோட்டிலேயே பிரிந்துவிட்டால் அந்த ஒட்டை நம்பக்கூடாது. விட்டத்துக்குக் கலந்த பசையில் ஒட்டிவைத்த துண்டு, ஒரு தட்டுக்கே கோட்டோடு பிரிந்து விழுந்தது. அப்பா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்து, மாதக்கணக்காக இழைத்து ஒட்டிய அந்த விட்டத்தை நடுவில் வைத்து அறுக்க ஆரம்பித்தார். நான் அழுதுவிட்டேன். தறிச் சத்தம் நின்றது.

"ஏங்க, நல்லாத்தானே இருக்குது?" என்றாள் அம்மா.

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. முழுசா இருந்தா, பரவால்லன்னு ஒருநாள் எனக்கே தோணிடும். அதான் அறுக்கிறேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அருகில் வந்து, ஆடிக்கொண்டிருந்த மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "அறுங்க" என்றாள்.

அடுத்த மரம் வாங்க அவளும் சென்னைக்குப் போனாள். ஒவ்வொரு பலகையையும் வெளிச்சத்தில் பிடித்து, நூலில் முடிச்சுத் தேடும் கண்ணால் பார்த்து, கணு இருப்பதையெல்லாம் ஒதுக்கினாளாம். இறக்கைக்குத் துணி போர்த்தியதும் அவள்தான். இந்த மாற்றம் எப்படி வந்தது என்று நான் பின்னாளில் கேட்டபோது, "தன் கையால செஞ்சத தானே அறுக்கிற மனுசன், வூட்டுக்குத் திரும்பி வர்ற மனுசன். அத அன்னிக்குத்தான் பாத்தேன்" என்றாள்.

பறக்க அனுமதி கேட்டு எழுதினோம், வரவில்லை. பெங்களூரிலிருந்து வந்த பழைய எஞ்சினைப் பொருத்தி, தரையில் ஓட்டியாவது பார்ப்போம் என்று ஒரு கோடையில் பெரணமல்லூர்ப் பக்கம் வற்றிக்கிடந்த ஓர் ஏரிக்கு டிராக்டரில் கொண்டுபோனோம். முதல் ஓட்டம் அப்பா மட்டும். இரண்டாவதுக்கு அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினாள். "நீ எதுக்கு?" என்றார் அப்பா. "ஜல்தி ஓட்டுங்க, வெயில் ஏறுது" என்றாள் அவள்.

விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. எதிர்க்காற்று ஒன்று வந்தது. சட்டென்று சக்கரங்களுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. மூச்சு ஒன்று இழுத்துவிடும் நேரம்தான். மெல்ல இறங்கி, துள்ளி, நின்றது. இறங்கி வந்த அப்பாவின் முகம் வெளிறியிருந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அனுமதி கடைசிவரை வரவில்லை. விமானத்தை ஒரு பொறியியல் கல்லூரியில், மாணவர்கள் பார்த்துப் படிக்கவென்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஏரிக்கரையை ஒட்டி இப்போது மனைகள் போட்டிருக்கிறார்கள்.

அம்மா என் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்கிறாள். முதலில் பனைமர உயரம் என்றாள். இப்போது எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருமலைக் குன்றே காலுக்குக் கீழே தெரிந்தது என்கிறாள். அப்பா இருந்தவரை, "ஓர் ஆள் ஒசரங்கூட இல்லமே" என்று பக்கத்திலிருந்து திருத்துவார். அவர் போனபின் திருத்துவதற்கு யாரும் இல்லை. நானும் நேரில் பார்த்தவள்தான். ஆனால் வாயைத் திறப்பதில்லை.