பதினேழாயிரம் அடியில் ஒரு மணித்தியாலம்

குருநகரில் படகு எஞ்சின் திருத்தும் எமில்ராஜ் அண்ணை இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால், கணினியில் விமானம் ஓட்டுகிற இலவச மென்பொருள் ஒன்றில், எழுபது பேர் பயணம் செய்யும் விமானம் ஒன்றுக்குத் தானியங்கி ஓட்டியை அவர்தான் எழுதிக்கொண்டிருந்தார். யாரும் உள்ளே திறந்து திருத்தக்கூடிய மென்பொருள் அது. அவர் மூன்று வருடமாகத் திருத்துகிறார். ‘கேம் விளையாடுறார்’ என்று தெரு சொல்லும். அது பரவாயில்லை. கனடாவுக்கு விமான ரிக்கெற் என்ன விலை என்று அவரிடம் கேட்டு வருகிறவர்களைத்தான் தாங்க முடியாது.

வேலை என்னவோ ஒரு பக்க எண்கள்தான். விமானம் ஓரடி தாழ்ந்தால் மூக்கை எவ்வளவு தூக்குவது, எவ்வளவு வேகமாகத் தூக்குவது. எண் கொஞ்சம் கூடினால் மூக்கு விடாமல் ஏறி இறங்கும். குறைந்தால் விமானம் யோசித்துக்கொண்டே தாழ்ந்துபோகும். இரண்டு தடவை அனுப்பி இரண்டு தடவையும் திரும்பி வந்தது. ஜேர்மனியில் இருக்கும் பொறுப்பாளர் பெண் கடைசியாக எழுதியிருந்தார்: பதினேழாயிரம் அடியில், காற்றுக் குலுக்கத்தோடு, ஒரு மணித்தியாலம் பறக்கவிட வேண்டும். யாரும் தொடக்கூடாது. நேரத்தை வேகமாக்கியும் ஓட்டக்கூடாது. மேலே கீழே ஐம்பது அடிக்குமேல் விலகாத பதிவு ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் வரவேண்டும். வராவிட்டால் இந்த வருட வெளியீட்டில் இடமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து ஒன்பது மணிக்குத் தொடங்கினார். அவருடைய மாமனார் இன்னாசித்தம்பியும் வந்து பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். முப்பது வருடம் கடலில் படகு ஓட்டியவர். இருபத்திரண்டாவது நிமிடம் எமில் அண்ணை தேத்தண்ணி வாங்கக் குசினிக்குப் போனார். போன கையோடு கணினி எச்சரிக்கை ஊதியது.

ஓடிவந்து பார்த்தால், மாமனார் கணினியோடு கொழுவி மேசையில் வைத்திருந்த விமானக் கைபிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

“என்ன மாமா செய்யிறியள்!”

“நீ விட்டிட்டுப் போட்டாய் தம்பி. எஞ்சின் ஓடேக்கை கைபிடியிலை கையில்லாமல் விடலாமோ?”

“அது தானா ஓடும் மாமா. நீங்கள் தொட்டால் தானியங்கி விட்டிடும்.”

“அப்ப ஆர் பிடிக்கிறது?”

“ஒருத்தரும் பிடிக்கேல்லை!”

“அதைத்தானே நானும் சொல்லுறன்.”

திரும்பவும் பலாலி விமான நிலையத்திலிருந்து கிளப்பி, உயரம் ஏற்றி, முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. இந்தத் தடவை மாமனாரிடம் அந்தோனியார் மேல் சத்தியம் வாங்கப்பட்டது. நாற்பத்தோராவது நிமிடம் காற்றில் விமானம் சற்றுச் சரிந்தது. மறுபடியும் ஊதியது.

“நான் பிடிக்கேல்லை” என்றார் மாமனார். “சும்மா கைதான் வைச்சனான்.”

எமில் அண்ணை கைபிடியின் வயரைக் கழற்றினார். மாமனார் வெறும் கைபிடியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது தடவை. அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் எட்டிப் பார்க்கப் போன நான் வாசலிலேயே நின்றேன். ஐம்பத்தெட்டாவது நிமிடம். விலகல் நாற்பத்தேழு அடி. எமில் அண்ணையின் வலக்கை விசைப்பலகைக்குக் கிட்டக் கிட்டப் போய்க்கொண்டிருந்தது. “எண்ணைக் கொஞ்சம் குறைச்சால்...” என்று முணுமுணுத்தார். பேசாமல் இருந்திருந்தால் இரண்டு நிமிடம்தான். எண்ணை மாற்றினார். நடுவில் எண் மாறினால் பதிவு செல்லாது என்பதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவரே அவர்தான்.

“இப்ப ஆர் தொட்டது?” என்று மாமனார் கேட்டார்.

குசினிக்குள் ஏதோ ஒரு சட்டி ஓங்கி வைக்கப்படும் சத்தம் கேட்டது. எமில் அண்ணையின் மனைவி லவீனா அக்கா வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இஞ்சருங்கோ, இன்னும் ஒருக்கால்தான் நேரமிருக்கு. கிளப்பி, மேலை ஏத்திப்போட்டு எழும்புங்கோ. அப்பா, நீங்களும் எழும்புங்கோ. உந்தக் கைபிடியை வைச்சிட்டு வாங்கோ.”

நாலு நாற்பதுக்கு அறை பூட்டப்பட்டது. திறப்பு லவீனா அக்காவின் கையில்.

அந்த ஒரு மணித்தியாலத்தைப் போல எரிச்சலான ஒன்றை நான் பார்த்ததில்லை. எமில் அண்ணை முற்றத்துக்கும் ஒழுங்கைக்கும் நடந்தார். யன்னல் பக்கம் போனார். சீலை இழுத்து மூடியிருந்தது. மாமனார் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் “இப்ப ஆர் பாக்கினம்?” என்றார். “ஒருத்தரும் பாக்கேல்லை” என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லவும் வேண்டியிருந்தது. எஞ்சின் பிளக் வாங்க வந்த ஜெரிசன், “அண்ணை, உங்கடை பிளேன் பறக்குதோ?” என்று கேட்டதற்கு, “எனக்கென்னெண்டு தெரியும்?” என்று அவன் மேல் பாய்ந்தார்.

ஐந்து நாற்பதுக்குக் கதவு திறந்தது. விமானம் ஒன்றும் நடக்காததுபோலப் போய்க்கொண்டிருந்தது. பதிவைத் திறந்தார். அதிகபட்ச விலகல் முப்பத்தொரு அடி.

“நான் பாத்துக்கொண்டிருக்கேக்கை நாப்பத்தேழு” என்றார் எமில் அண்ணை. குரலில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் கூட.

“முதல் அனுப்புங்கோ” என்றார் லவீனா அக்கா.

ஐந்து ஐம்பத்தொன்றுக்குப் பதிவு போய்ச் சேர்ந்தது. ஆறு மணிக்கு ஜேர்மனியிலிருந்து ஒரு வரி வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான். எமில் அண்ணை முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டு, மென்பொருளை மூடப் போனார்.

“பொறு, பொறு” என்றார் மாமனார். “இப்ப எங்கை நிக்குது?”

“வங்காள விரிகுடாவுக்கு மேலை. நானூறு மைல் தாண்டி.”

“நடுக்கடலிலை விட்டிட்டோ நிப்பாட்டப் போறாய்?”

“மாமா, அதுக்குள்ளை ஒருத்தரும் இல்லை.”

“எழுபது பேர் போற பிளேன் எண்டு நீதானே சொன்னனீ?”

எமில் அண்ணை லவீனா அக்காவைப் பார்த்தார். அவர் புட்டு ஆறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு கைபிடியின் வயரை மறுபடி கொழுவி, விமானத்தின் திசையை மேற்கே திருப்பினார். மாமனார் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். பலாலிக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.