அக்கா வண்டியை விட்ட சாயங்காலம்

இருபத்திரண்டு வருடம் என் அக்கா பெங்களூரின் இந்தப் பழைய கோட்டையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. மார்க்கெட் நெரிசலில் பஸ் நின்றால் கருங்கல் தெரியும். நகர்ந்தால் சாமந்திக் குவியல் தெரியும். அதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

கோலார் தங்கவயலில் விடியும் முன் ரயிலேறி, பெங்களூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் நான்கு மாடிகளையும் துடைத்து, ஐந்தே முக்கால் வண்டியில் ஊர் திரும்புவாள். சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு. தங்கம் தோண்டியவர்களின் பிள்ளைகள் தண்டவாளத்தின் மேல் வாழப் பழகிக்கொண்டோம். எனக்கு அந்த ஓட்டம் பிடிபடவில்லை. பெங்களூரிலேயே தங்கி, அடுகோடிப் பக்கம் ஓர் அச்சகத்தில் ஒட்டிக்கொண்டேன். ஒரே நகரத்தில் பகலெல்லாம் இருந்தும், ஒருநாள்கூட அவளை எங்கும் கூட்டிப்போனதில்லை. அவளுக்கு எப்போதும் வண்டி இருந்தது. எனக்கு எப்போதும் ஒரு சாக்கு இருந்தது.

அன்று அவளுக்குக் கடைசி நாள். புது கான்ட்ராக்டர் வந்திருக்கிறார், நாற்பத்தைந்துக்கு மேல் ஆள் வேண்டாமாம். அக்காவுக்கு ஐம்பத்தொன்று. மூன்று மணிக்கு போன் செய்தாள்.

"டேய், அந்தக் கோட்டய உள்ள பூந்து பாக்கணும். வர்றியா, நானே போவட்டா?"

"இன்னிக்கேவா? வண்டியில உனக்கு பார்ட்டி வெச்சிகீறாங்கன்னியே?"

"கீது. அஞ்சு மணிக்கு ஓடிடலாம். நீ வா."

அந்தப் பார்ட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் வண்டியில் பெண்களுக்கென்று ஒரு பெட்டி, அதில் இவளுக்கென்று ஒரு கூட்டம். அந்தப் பெட்டியில் வளைகாப்பு நடந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு மாவிலைத் தோரணம் கட்டி, பெட்டிக்கே பொட்டு வைப்பார்கள். வேலையை விடுகிறவளுக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, அழுது, அவள் உட்கார்ந்த இடத்தை இன்னொருத்திக்குக் கொடுப்பது வழக்கம். அன்று அந்த மாலை அக்காவுக்கு. வண்டியை விட்டால் இருபத்திரண்டு வருடத்துக்கு ஒரு விடைபெறல்கூட இல்லாமல் போய்விடும்.

நாலரைக்கு மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். புடவைக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கொடுத்த நீலக் கோட்டைப் போட்டபடியே நின்றாள்.

"கோட்ட திருப்பிக் குடுக்கலயா?"

"சூப்பர்வைசர் கேட்டான். குடுக்க முடியாதுன்னுட்டேன். தெச்சது வேணா அவனா இருக்கலாம், கிழிஞ்சத தெச்சவ நானு."

கோட்டைக்கு வெளிச்சுவரில் ஒரு கல்வெட்டு, ஆங்கிலத்தில். அக்கா நின்றாள்.

"இன்னா எழுதிகீது?"

"இந்த எடத்துல செவுத்த ஒடச்சிக்கினு வெள்ளக்காரப் பட்டாளம் உள்ள பூந்துச்சாம்."

"ஒடச்சவனுக்கா போர்டு? கட்டனவனுக்கு?"

"காணோம்."

"நம்ம ஊர்லயும் சொரங்க ஷாஃப்ட்டுக்கெல்லாம் தொர பேரு தான. உள்ள எறங்கி இருமிக்கினே செத்தான் பாரு நம்ப அப்பன், அவன் பேர எவன் எழுதனான்?"

கல்வெட்டின் மேல் பஸ் புகை ஒரு விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. எழுத்து பாதி மறைந்திருந்தது. நான் கிண்டலாக, "தொடச்சி உடேன், கோட்டு வேற போட்டுகீற" என்றேன்.

"தொடச்சது போதும்டா. அது அப்படியே கெடக்கட்டும்."

வாசலில் காவல்காரர் அவளுடைய நீலக் கோட்டைப் பார்த்தார். என்னை விட்டுவிட்டு அவளை மட்டும் கைநீட்டித் தடுத்தார். "க்ளீனிங்காம்மா? பெளிகே பன்னி." காலையில் வரவேண்டுமாம்.

அக்கா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "க்ளீனிங் அல்லா. கோட்டெ நோடக்கெ பந்தித்தீனி" என்றாள். க்ளீனிங் இல்லை, கோட்டை பார்க்க வந்திருக்கிறேன். ரயிலில் கற்ற கன்னடம், இலக்கணம் இருக்காது, குரல் இருக்கும். அவர் கை தானாக இறங்கியது. "நோடி, நோடி" என்றார், பாருங்கள் என்று.

உள்ளே போனோம். வளைவுக்குக் கீழே சட்டென்று குளிர்ந்தது. வெளியே ஆயிரம் ஹாரன்கள், உள்ளே ஒரு புறாவின் தொண்டை. ஆணி வைத்த கதவு. ஒவ்வொரு ஆணியையும் யானையின் நெற்றிக்காக அடித்திருக்கிறார்கள். இன்று எந்த யானையும் வருவதில்லை, ஆணிகள் இன்னும் கூர்மையாக நிற்கின்றன. சாலை ஒரு சுவரைத் தின்றது, ஆஸ்பத்திரி ஒன்றைத் தின்றது, மார்க்கெட் ஒன்றைத் தின்றது. இந்த ஒரு துண்டு மட்டும் நகரத்தின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நிற்கட்டும். விழுங்க முடியாமல் திணறட்டும் இந்த ஊர்.

நிழலில் ஒரு கல் மேடை. ஒரு கல்லூரி ஜோடி அதை நோக்கி வந்தது. நான் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் அக்கா இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவி, ஆறடி தூரத்திலிருந்து வீசினாள். அது மேடையின் நட்டநடுவில் போய் விழுந்தது. வண்டி நிற்கும் முன் ஜன்னல் வழியாக இடம் பிடித்துப் பழகிய கை.

"யக்கா, இது கோட்ட. லேடீஸ் பெட்டி இல்ல."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் சிரித்து, "ஆன்ட்டி, ரிசர்வ்ட் ஆயிடுச்சு, உட்காருங்க" என்றாள். அக்கா உட்காரவில்லை. "எனக்கில்ல கண்ணு, இவனுக்கு. காலைலேந்து மிஷின்கிட்ட நின்னுகினு இருந்தவன்." பிறகு அந்த ஜோடிக்கும் தள்ளி உட்காரச் சொல்லி இடம் ஒதுக்கிவிட்டு, தான் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

வேறு யாரோ குடும்பத்தோடு வந்தவர் வளைவைத் தாண்டிப் பார்த்துவிட்டு, "அஷ்டேனா?" என்றார். இவ்வளவுதானா?

"இவ்ளோ கீதே, அத பாருய்யா மொதல்ல" என்றாள் அக்கா தமிழில். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

அவள் பார்த்தாள். செதுக்கிய மயிலைப் பார்த்தாள். தாமரையின் இதழ்களை விரலால் எண்ணினாள். சின்னப் பிள்ளையாரிடம், "உன்ன வெச்சிகினு எப்டிய்யா உள்ள உட்ட வெள்ளக்காரனுங்கள?" என்று சண்டை போட்டாள். கொத்தளத்தின் அடியில் குனிந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நகத்தைவிட்டுப் பார்த்தாள். நகம் நுழையவில்லை. "நல்ல வேல" என்றாள். நாலு மாடி துடைத்தவள் அதிலும் குறை கண்டுபிடிப்பாள் என்று நினைத்திருந்தேன்.

மணி ஐந்து. நான் போனைக் காட்டினேன். "மெட்ரோ புடிச்சா ஆவும். எழுந்திரு" என்றேன், உட்கார்ந்திருந்தது நான்தான் என்பதை மறந்து.

அவள் கொத்தளத்தின் பின்பக்கத்தைக் காட்டினாள். "அந்தாண்ட பாக்கல."

"யக்கா, மால வாங்கி வெச்சிருப்பாங்க."

"வெச்சிருப்பாங்க."

"கேக்கு."

"தெரியும்டா. முட்ட போடாத கேக்கு. நான்தான் சொன்னேன்."

அவள் முகத்தில் அப்போது வந்துபோனதை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு கணம் நிஜமாகவே திரும்பிவிட்டாள், வாசலைப் பார்த்து ரெண்டு எட்டு வைத்தாள். இருபத்திரண்டு வருடம் ஐந்து மணிக்கு ஓடிய கால்கள் அவளைக் கேட்காமலே கிளம்பிவிட்டன. மூன்றாவது எட்டில் நிறுத்தினாள். கொத்தளத்தின் அந்தப் பக்கம் நடந்தாள். வேண்டுமென்றே மெதுவாக.

ஐந்து நாற்பதுக்கு போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். பெட்டியிலிருந்து பல குரல்கள்.

"எங்கடி கீற? வண்டி எடுக்கப்போறான்!"

"கோட்டயில."

"எந்தப் பேட்டயில? சத்தத்துல கேக்கலடி!"

"கோட்டடீ. ராஜா கட்டனது. நான் வரல. கேக்க வெட்டுங்க."

"யாரு வெட்டறது? உனக்குத்தான பார்ட்டி! செண்ட் ஆஃபுக்கு ஆளே இல்லாம எவளாவது மால போட்டுக்குவாளா?"

"செண்ட் ஆஃபா? நான் எங்கடி போறேன்?" அக்காவின் குரல் வளைவில் மோதித் திரும்பியது. "என் சீசன் பாஸ் இன்னும் பத்தொம்போது நாள் கீது. வேலதான போச்சு, பாஸ் போவலயே. நாளைக்கி வண்டில வருவேன். நாளன்னிக்கும் வருவேன். என் எடத்த எவளுக்கும் குடுக்காதீங்க."

"வந்து இன்னா பண்ணுவ?"

"ஊரப் பாப்பேன். இருவத்திரெண்டு வருஷம் இந்த ஊரத் தொடச்சேன், ஒரு வாட்டியும் பாக்கல. பத்தொம்போது நாளும் பாப்பேன். நடுவுல எவனாவது வேல குடுத்தா அதையும் பாப்பேன்."

அந்தப் பக்கம் ஒருத்தி, "பைத்தியம் முத்திடுச்சி" என்றாள். இன்னொருத்தி, "மால வாடிடும்டி, நானே போட்டுக்கறேன்" என்றாள். பெட்டியே சிரித்தது. அந்தச் சிரிப்போடு வண்டி நகரும் சத்தம் கேட்டது. அக்கா போனைக் காதோடு ஒட்டி, சத்தம் தேயும்வரை வைத்திருந்தாள். கண் ஈரமாக இருந்தது. துடைக்கவில்லை.

"நாளைக்கி நானும் லீவு போடறேன்" என்றேன்.

"நீ போட்டா போடு. நான் உனக்காக வரல."

காவல்காரர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். "டைம் ஆய்த்தம்மா, ஹொரடி."

அக்கா கிளம்பவில்லை. கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு, "நாளெ எஷ்டு கண்டெகெ தெகீதீரா?" என்று கேட்டாள். எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

"எட்டரை. ஏன், இன்னும் என்னா பாக்கணும்?" அவர் தமிழுக்கு மாறினார்.

"இன்னிக்கி பாதிதான் பாத்தேன். ஏழரைக்கே வந்து நிப்பேன். எங்க வண்டி உங்க கோட்டைக்கு முன்னாடி எழுந்துக்கும்."