ரெண்டு சீட்டுக் காரும் அஞ்சு பேர் குடும்பமும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவது பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் யாரும் அதில் ரேஷன் அரிசி ஏற்றியிருக்க மாட்டார்கள். எனக்கு அது தினப்படி வேலைங்க. வீட்டில் பழைய வண்டி ஒன்றும், அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிற புருஷன் ஒருவரும் வாய்த்த அக்கா தங்கச்சிகளுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், தப்பில்லை.

எங்கள் ஊட்டுக்காரருக்குக் கொல்லிமலை சோளக்காட்டில் ஒர்க்‌ஷாப். பக்கத்திலேயே எனக்கு மிளகு, தேன், பலாப்பழம் விற்கிற கடை. எஸ்டேட் முதலாளி ஒருவர் பங்களாவைக் காலி செய்தபோது, ஷெட்டில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த சிவப்புக் கார் ஒன்றை இவர் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டு வண்டி. எங்கப்பாவை விட வயசில் மூத்தது. கூரை கிடையாது, மடக்குகிற துணிதான். மொத்தமே ரெண்டு சீட்டு. அதற்குப் பின்னால் துணிமூட்டை வைக்கிற அளவுக்கு ஒரு மேடை. ஒரு மழைக்காலம் பூராவும் மல்லுக்கட்டி அதை ஓட வைத்துவிட்டார். ஆனால் பகலெல்லாம் அவருக்கு ஒர்க்‌ஷாப் வேலை. ஆக, எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்து, லைசென்ஸும் எடுத்துக் கொடுத்துச் சாவியைக் கையில் திணித்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கடைக்குச் சரக்கு ஏற்றுவது, மலையிறங்கிச் சந்தைக்குப் போவது எல்லாம் அன்று முதல் நானும் அந்தக் காரும்.

போன வருசம் ரெண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கியதும், காரை வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா என்று ஊட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. அந்தப் பஞ்சாயத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவைதான் இவை.

மாமா ஏறிய முதல் நாள்

எங்கள் மாமனார் நல்ல உயரம். வெளுத்த வேட்டி, நிமிர்ந்த நடை. பஸ்ஸில் கூட டிரைவருக்குப் பக்கத்து சீட்டு காலியாக இருந்தால்தான் ஏறுவார். அத்தை காலமான பிறகு ஊட்டுக்கு அவர்தான் பெரியவர் என்பதால், கார் ஓடத் தொடங்கிய முதல் நாள் அவரைத்தான் முதலில் உட்கார வைத்தோம்.

அந்த சீட்டு கிட்டத்தட்டத் தரையில் இருக்கும். காலை முன்னால் நீட்டி, சாய்ந்துதான் உட்கார முடியும். மாமா உட்கார்ந்தார். வாசலில் கட்டியிருந்த வெள்ளாடு தலையைக் குனிந்து மேலேயிருந்து அவரைப் பார்த்தது. அவரும் அண்ணாந்து ஆட்டைப் பார்த்தார். வண்டி கிளம்புவதற்குள் இறங்கிவிட்டார்.

"காலை நீட்டிச் சாஞ்சமேனிக்கு ஊரைச் சுத்தி வாரதுக்கு நான் என்னம்மா, செத்தா போயிட்டேன்?"

பலாப்பழத்துக்குப் பெல்ட்

பலாப்பழத்தைப் பின்மேடையில் வைத்தால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இந்தப் பக்கம் உருண்டு, அந்தப் பக்கம் முட்டி, கடைசியில் என் முதுகுக்கு வரும். முள்ளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சந்தைக்குப் போகும்போது இருக்கிறதிலேயே பெரிய பழத்தைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுவிடுவேன். பிள்ளை மாதிரி அசையாமல் வரும். பிள்ளையை விடச் சமத்தாகவே வரும்.

அப்படி ஒரு நாள் போனபோது அடிவாரச் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். காவலுக்கு இருந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பழத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பழத்துக்கு பெல்ட் போட்டுட்டீங்க, சரி. ஓட்டற உங்களுக்கு எங்கம்மா பெல்ட்டு?"

இறங்குவது எப்படி

வயிறு மேடு தட்டத் தொடங்கியதும் ஏறுவதில் கஷ்டமில்லை, விழுந்தாற்போல் உட்கார்ந்துவிடலாம். இறங்குவதுதான் பாடு. மாமா அப்போதுதான் தீர்ப்புச் சொன்னார்: "இப்பவே இந்தக் கார்ல ஆளுக்கு இடமில்ல. இன்னொரு உசுரு வருது. அது பொறக்கறதுக்குள்ள இதைக் கொடுத்துட்டு ஒரு வேனைப் பாருங்க." ஊட்டுக்காரர் துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கும் கொடுக்க மனசில்லை. பஸ்ஸுக்குக் காத்துக் காத்தே வளர்ந்தவள் நான். நினைத்த நேரத்துக்கு நானே சாவி போட்டுக் கிளம்புகிற சுகம் அந்தச் சிவப்பு வண்டியில்தான் கிடைத்தது. ஆனால் மாமா சொன்ன கணக்கிலும் தப்பு இல்லையே.

மறுநாள் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. எதிர்க்கடை அன்னாசிப்பழக்கார அக்காவும் அவர் தங்கச்சியும் ஓடிவந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து, ஒன்று, ரெண்டு, மூன்று என்று இழுத்து என்னை வெளியே எடுத்தார்கள். அக்கா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"ஏம்புள்ள, உனக்குப் பிரசவம் சுலுவா ஆயிரும். இந்தக் கார்ல இருந்து உன்னை எடுக்கறதுதான் கண்டம்!"

கூரையும் குடையும்

மலையில் மழை சொல்லிவிட்டு வராது. துணிக்கூரையை இழுத்து மாட்ட ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம் பிடிக்க, மற்றவர் அந்தப் பக்கம் கொக்கி போட வேண்டும். என் மகள் யாழினி ஒன்றாம் வகுப்பு. கொக்கி அவளுக்கு எட்டாது. அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மழை வந்தால் அவள் பெரிய குடையை விரித்து ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பிடிப்பாள், நான் மெதுவாக ஓட்டுவேன். பள்ளிக்கூடத்து வாசலில் டீச்சர் இதைப் பார்த்துவிட்டார்.

"யாழினி அம்மா, நடந்து வர்ற புள்ளைங்க நனைஞ்சு பாத்திருக்கேன். கார்ல வந்து நனையற புள்ளைய இப்பத்தான் பாக்கறேன்!"

மிளகும் பெயிண்ட்டும்

மூட்டமான நாளில் மிளகு நமுத்துப் போகும். கார் வந்து நின்றதும் பானெட் நல்ல சூடாக இருக்கும் இல்லீங்களா? மேலே ஒரு வேட்டித் துணியை விரித்து மிளகைப் பரப்பிவிட்டால், இட்லி வேகிற நேரத்துக்குள் கலகலவென்று ஆகிவிடும். ஒரு நாள் அப்படிப் பரப்பி வைத்திருந்தபோது, நாமக்கல் பக்கத்திலிருந்து பெரிய வேனில் ஒரு சார் வந்து இறங்கினார். பழைய கார்கள் சேர்க்கிறவராம். காரைப் பார்த்தவர், உறவுக்காரர் கீழே விழுந்து கிடப்பதைப் பார்த்தது போல் ஓடிவந்தார்.

எங்கள் நிலைமையைக் கேட்டதும் அவரே ஒரு வழி சொன்னார். அவர் வேனில் எட்டு சீட்டு. காரைக் கொடுத்துவிட்டு அந்த வேனை எடுத்துக்கொள்ளலாம். சந்தை அன்றைக்கு டிரைவரோடு அனுப்புகிறேன், குடும்பத்தோடு போய்வந்து சொல்லுங்கள் என்றார். மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த சார் போகும்போது துணியோடு மிளகை ஒரு ஓரமாக, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா, இந்தச் செவப்பு ஒரிஜினல் பெயிண்ட்டும்மா. அது மேல மசாலா அரைக்காம இருந்தீங்களே, அதுக்கே உங்களுக்குக் கோடி நன்றி."

எட்டு சீட்டு வேன்

சந்தை நாள். வேன் வந்தது. குளுகுளுவென்று ஏ.சி., பஞ்சு மாதிரி சீட்டு. மாமா டிரைவர் பக்கத்தில் கம்பீரமாக ஏறிக்கொண்டார். நானும் யாழினியும் நடுவில். ஊட்டுக்காரர் கடைசி சீட்டில், யாருக்கும் முகத்தைக் காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்புவதாகத் திட்டம்.

கொல்லிமலை ரோட்டில் மூடின வண்டியில் இறங்கியவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு வளைவு தாண்டியதும் யாழினி "அம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பாலிதீன் கவரைப் பிரிப்பதற்குள் எனக்கே தேவைப்பட்டது. திறந்த காரில் தினமும் போய்வந்தும் ஒரு நாள்கூட எங்களுக்குத் தலை சுற்றியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாமா மட்டும் அசையாமல் இருந்தார். பாதி மலையில், மெதுவாக, மரியாதை குறையாமல், "தம்பி, செத்த நிறுத்துங்க" என்றார். இறங்கி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"எட்டு சீட்டு இருந்து என்னம்மா பண்றது? எட்டுப் பேரும் தலைய வெளியில நீட்டிக்கிட்டல்ல வரணும்!"

பதில் கேட்க வந்தவர்

அதற்குப் பிறகு மாமா வேன் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தது ஊட்டுக்காரர்தான். "கொடுத்துரலாம் கண்ணு. உனக்கு ஏறி இறங்க முடியல. பொறக்கற புள்ளைய எங்க உக்கார வைக்கறது? ஆசைக்கு ஓட்டியாச்சு, போதும்" என்றார். சொல்லிவிட்டுக் காரைக் கழுவப் போனார். ஒரு டயரையே வெகுநேரமாகக் கழுவிக்கொண்டிருந்தார். அங்கே போய்ப் பக்கத்தில் நின்று நான் சொன்னேன்: "ஏனுங்க, இடம் இல்லீன்னா இடம் பண்ணுங்க. நீங்க மெக்கானிக்குத்தானே?"

அந்த சார் பதில் கேட்டு வந்தபோது, கொடுக்கிறதாக இல்லீங்க என்று நானே சொல்லிவிட்டேன். வேனில் என்ன குறை என்று கேட்டார். சொன்னேன். யாழினி சொல்லாமல் நடித்தே காட்டினாள். கோபிப்பார் என்று பார்த்தால், ஸ்டூலில் உட்கார்ந்து, தேன் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே மெல்லச் சிரித்தார்.

"உண்மையைச் சொல்லிர்றேம்மா. அந்த வேன்ல என் சம்சாரம் ஏறியே வருசக்கணக்காச்சு."

தடுப்பூசிப் பயணம்

பையன் பிறந்தான். ஊட்டுக்காரர் சொன்னபடி இடம் பண்ணிவிட்டார்: பின்மேடையில் யாழினி அளவுக்குப் பஞ்சு வைத்து ஒரு குட்டி சீட்டு, அதற்கென்று தனி பெல்ட். எனக்கு ஏறி இறங்கப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. நான் மறுபடி ஓட்டத் தொடங்கிய பிறகு, குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒரு நாள் காலையில் எல்லோருமாகக் கிளம்பினோம்.

நான் ஸ்டீயரிங்கில். யாழினி பின்னால் ராணி மாதிரி. எங்களுக்கெல்லாம் முன்பே வந்து பக்கத்து சீட்டில் சாய்ந்துவிட்ட மாமா, மடியில் பேரனை வாங்கிக்கொண்டார். காற்றுப் படாமல் குழந்தைக்குத் துண்டைச் சுற்றிவிட்டு, "ம்ம், எடும்மா" என்றார். அப்போதுதான் பார்த்தேன். பால் பாட்டில் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊட்டுக்காரர் வெளியே நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அளந்து அளந்து எல்லோருக்கும் இடம் செய்தவர் தன்னை அளக்க மறந்துவிட்டார்.

பையை யாழினியிடம் கொடுத்துவிட்டுத் தன் பழைய பைக்கை உதைத்துக் கிளப்பினார். சோளக்காடு வரை எங்கள் பின்னாலேயே வந்தார். கண்ணாடியில் பார்க்கிறேன், மனுஷனுக்கு வாயெல்லாம் பல். அன்னாசிப்பழக்கார அக்கா ரோட்டோரம் நின்று, "ஏனுங்க தம்பி, காரு உங்களுது, உங்களையே தள்ளி விட்டுட்டாங்களா?" என்று கத்திக் கேட்டார். அவரும் பைக்கில் இருந்தபடியே கத்தினார்:

"ஓட்டறவங்களுக்கு ரோடுதானுங்க அக்கா தெரியும். பின்னாடி வந்தாத்தான் வண்டியோட அழகே தெரியுது!"

ஆக, ஸ்போர்ட்ஸ் காரைக் குடும்பக் காராக மாற்ற நினைக்கிற அக்கா தங்கச்சிகளே, பெரிய செலவெல்லாம் ஒன்றும் இல்லீங்க. அதை ஆசைப்பட்டுக் கொண்டுவந்தவரை மட்டும் இறக்கி விட்டால் போதும்.