களிக்குள் வைத்த மாத்திரை

களியை மெல்லக் கூடாது. குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். எங்கள் ஜவ்வாது மலையில் களியை மென்று தின்பவனைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும். அந்த வழக்கத்தை நம்பித்தான் என் தம்பியை நான் ஆறு மாதம் ஏமாற்றினேன்.

கணவர் இறந்த பிறகு வீட்டில் நானும் தம்பியும்தான். நான் அங்கன்வாடி டீச்சர். அவன் புளி உலுக்குகிறவன். மாசி, பங்குனியில் நாலு ஊரிலிருந்து ஆள் வரும் அவனைத் தேடி. முப்பது வயதில் அவனுக்கு அந்த நோய் வந்தது. முதலில் காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான். பிறகு சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ள ஆரம்பித்தான்.

“யார்ரா கலக்கப் போறாங்க? நான்தானே ஆக்குறேன்?”

“நீ கலக்க மாட்டக்கா. உனக்குத் தெரியாம கலக்குறாங்க.”

அவ்வளவு முற்றிய நிலையிலும் என் ஒருத்தியை மட்டும் அவன் சந்தேகப்படவில்லை.

பேய் பிடித்திருக்கிறது, மந்திரிக்கலாம் என்று வந்தவர்களை வாயை மூடிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, அவனைத் திருப்பத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் தரவேண்டும், நிறுத்தக் கூடாது, தொந்தரவு எது வந்தாலும் வந்து சொல்லுங்கள் என்றார். இரண்டு மாதத்தில் காதுக்குள் பேச்சு அடங்கியது. தட்டைத் தள்ளுவதும் நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அவன் கை நடுங்கியது. அந்த மாசியில் பாதி மரம் ஏறியவன் அப்படியே இறங்கி வந்துவிட்டான்.

“மாத்திரை வாணாம்க்கா. கை கெளையப் புடிக்க மாட்டேங்குது.”

“கை போனா போவுது, புத்தி இருந்தாப் போதும்” என்று கத்தினேன். மரம் ஏறிப் பிழைக்கிற ஒருத்தனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? என் வாய்க்கு எப்போதும் கொஞ்சம் அவசரம்.

அவன் மாத்திரையை அடியோடு மறுத்தான். டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் லீவு, போக வர பஸ், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சளி என்றால்கூட ‘உடனே காட்டுங்கள்’ என்று தாய்மாருக்குப் புத்தி சொல்கிற நான் போகவில்லை. பழைய சீட்டைக் கொடுத்து, திருப்பத்தூர் போகிறவர்களிடம் மாத்திரையை மட்டும் வாங்கி வரச் சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம். மறுநாள் களி உருண்டையிலிருந்து முதல் துண்டை நானே பிட்டு, நடுவில் மாத்திரையை அழுத்தி மூடி, குழம்பில் தோய்த்து அவன் தட்டில் வைத்தேன். அக்கா செல்லம் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். சிரித்துக்கொண்டே விழுங்கினான்.

நோய் அடங்கியே இருந்தது. நடுக்கமும் இருந்தது. ஒருநாள் இரண்டு கையையும் என் முன் நீட்டிக் கேட்டான்.

“மாத்திரைய வுட்டு எத்தினி நாளாச்சு, இன்னும் நடுங்குதே. எனக்கு ஒடம்பே போய்டுச்சாக்கா?”

“நல்லா சாப்புடு, சரியாப் போய்டும்” என்றேன்.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம், குட்டி போட்ட எங்கள் நாய் அவன் பக்கத்தில் வந்து நின்றது. நான் வைத்த முதல் துண்டை அதற்குப் பாதி கொடுக்கலாம் என்று பிட்டான். கருத்த களிக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

“இது இன்னாக்கா?”

“உப்புக் கல்லுடா. கரையாம கெடந்திருக்கும்.”

அவன் அதை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

“உப்பு கசக்குமாக்கா?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு எங்கள் கடலைக் கொல்லைக்குப் போனவன், அங்கே காவலுக்குப் போட்டிருந்த கொட்டாயிலேயே தங்கிவிட்டான். சோற்றில் யாரோ கலக்கிறார்கள் என்று அவன் நோய் சொல்லிக்கொண்டிருந்தது பொய். அந்தப் பொய்யை உண்மையாக்கியவள் நான்.

பதினோரு நாள் அடுப்பில் ஆக்கிய எதையும் அவன் தொடவில்லை. கொய்யா, பச்சை வேர்க்கடலை, தன் கையால் பறித்ததை மட்டும் தின்றான். தூரத்திலிருந்து பார்த்தாலே கழுத்தெலும்பு தெரிந்தது. மறுபடி தனியாகப் பேச ஆரம்பித்தான். செத்துப்போவான் என்று பயந்துதான் திருப்பத்தூருக்கு ஓடினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“கை நடுங்குதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா? அளவைக் குறைச்சிருக்கலாம். வேற மாத்திரைக்கு மாத்தியிருக்கலாம். நடுக்கத்துக்குன்னே தனி மாத்திரை இருக்கு. தினமும் வேணாம்னா மாசத்துக்கு ஒரு ஊசி இருக்கு. இத்தனை வழி இருக்கும்மா. ஆனா எதுன்னாலும் அவருக்குத் தெரிஞ்சுதான் குடுக்கணும். முதல்ல போய் உண்மையைச் சொல்லுங்க.”

பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதேன். நேரே கொல்லைக்குப் போய், கொட்டாய்க்கு இப்பால் நின்றே சொன்னேன். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை.

“எத்தினி மாசம்?” என்று மட்டும் கேட்டான்.

“ஆறு.”

கையை விரித்துப் பார்த்தான். “அப்ப ஒடம்பு போவல” என்றான்.

மறு வாரம் என்னோடு வந்தான். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தான். டாக்டரம்மா ஒவ்வொன்றாக அவனிடமே விளக்கிச் சொல்ல, கடைசியில் ஊசிதான் வேண்டும் என்றான். ஏன் என்று அவர் கேட்டார்.

“உள்ள போறது கண்ணுக்குத் தெரியுதுங்களே.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை அவனே தனியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறான். நடுக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. போன பங்குனியில் நுனிக்கிளை வரை ஏறி உலுக்கினான், நான் கீழே நின்று புளி பொறுக்கினேன். வீட்டுக்கும் திரும்பி வந்துவிட்டான். நான் ஆக்குவதைச் சாப்பிடுகிறான். ஆனால் களியை விழுங்குவதில்லை. ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, மெல்லுகிறான். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கிறவர்கள் மேல் பாய்கிறேன்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அவனே களி கிண்டி, கீரை கடைந்து, தட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். இன்னொரு கையை விரித்து நீட்டினான். உள்ளங்கையில் காய்ச்சல் மாத்திரை இருந்தது.

“மாத்திர தனியா இருக்குக்கா. களியில ஒண்ணும் போடல.”

குத்திக்காட்டவில்லை. சாப்பாடு கொடுக்கும்போது அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னான்.