புறாப்பாறையில் அண்ணன் பிடித்த கயிறு

வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது இது. எங்கள் கொல்லிமலையில் புறாப்பாறை என்று ஒரு செங்குத்துப் பாறை. இடுக்கெல்லாம் காட்டுப்புறாக் கூடுகள். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால், பறக்கிற பறவைகளின் முதுகுதான் தெரியும்.

அந்தக் கூடுகளில் இருக்கும் முட்டைகள் வேண்டுமென்று ஒரு துரை வந்தார். என் வீட்டுக்காரர் கயிற்றில் இறங்க ஒத்துக்கொண்டார். எங்கள் வழக்கப்படி, மேலே கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் அண்ணன்தான். தங்கையின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா?

"ஏனுங்க மச்சான், கஞ்சி குடிச்சீங்களா? கை நடுங்கப் போகுது" என்று இவர் சீண்டினார்.

"எறங்கு மாப்ளே. உன்னைய விட்டா என் தங்கச்சி என்னைய உசுரோட விடுவாளா?" என்று அண்ணன் சிரித்தான்.

நான் வீட்டுக்குப் போய்க் களி எடுத்து வந்தபோது, இவர் இன்னும் கீழே தொங்கிக்கொண்டிருக்க, கயிறு ஒரு செடியில் கட்டியிருந்தது. அண்ணன் தள்ளி நின்று, துரையின் போட்டோப் பெட்டிக்கு முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். செடியின் வேர் மண்ணைவிட்டு மெல்ல எழும்பியது.

நான் கத்தவில்லை. கத்தினால் இவர் பதறிவிடுவார். கயிற்றைப் பிடித்து, கல்லில் காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன். இவர் மேலே ஏறி வந்த பிறகுதான் அண்ணன் ஓடி வந்தான்.

"கெட்டியாத்தான் கட்டியிருந்தேன் கண்ணு. ஒரு நிமிசந்தான்."

"அந்தச் செடிக்குத் தங்கச்சி இருக்காளாண்ணா?" என்று கேட்டேன்.

அண்ணனோடு நான் பேச்சை முறிக்கவில்லை. வந்தால் இலை போட்டுப் பரிமாறினேன். ஆனால் என் குழந்தையைத் தூக்க அவன் கை நீட்டியபோதெல்லாம், நான் கொடுத்ததே இல்லை.