சந்தனம் வைத்த பாடநூல்

“ரெண்டு தடவ ஃபெயிலான சோதனைய ஒரு பொஸ்தகம் வாங்கிட்டா பாஸ் பண்ணிருவியாலா?”

அண்ணன்தான் கேட்டான். ஈப்போ நகருக்கு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனபோது, குனோங் ராபாட் சாலைச் சமிக்ஞை விளக்கில் நின்றபடி, தலையைத் திருப்பாமலே கேட்டான். அவன் பள்ளியை மூன்றாம் படிவத்தோடு நிறுத்திவிட்டு ஃபேக்டரிக்குப் போனவன். அம்மா தோட்டத்துப் பள்ளியை இரண்டாம் வகுப்பிலேயே விட்டுவிட்டு ரப்பர் மரம் சீவப் போனவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

பாடத்தின் பெயர் தரவுக் கட்டமைப்பு. கணினிக்குள் தகவல்களை எப்படி அடுக்கினால் எளிதில் தேடி எடுக்கலாம் என்று சொல்லித்தரும் பாடம். மனப்பாடம் செய்தே எல்லாச் சோதனையையும் தாண்டி வந்தவள், இதில் மட்டும் இரண்டு முறை விழுந்துவிட்டேன். மூன்றாவது முறையும் விழுந்தால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

ஈப்போவின் பழைய நகரப் பகுதியில் கல்லூரிப் புத்தகங்கள் விற்கும் பாய் ஒருவர் மூன்று புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“எல்லாப் பிள்ளைங்களும் இதத்தான் தூக்கிட்டுப் போவுதுங்க, தங்கச்சி” என்று ஒல்லியான ஒன்றைத் தட்டிக் காட்டினார். பழைய சோதனைக் கேள்விகளும் விடைகளும் கொண்ட புத்தகம்.

நான் ஒரு வழி வைத்திருந்தேன். என்னை இரண்டு முறையும் கவிழ்த்தது இணைப்புப் பட்டியல் என்ற ஒரே பகுதி. வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் தனக்கு அடுத்த பெட்டி எங்கே இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். மூன்று புத்தகங்களிலும் அந்தப் பகுதியை மட்டும் படிப்பது, எது புரிகிறதோ அதை வாங்குவது. ஒல்லிப் புத்தகத்தில் விடை இருந்தது, காரணம் இல்லை. மலாய்ப் புத்தகம் நன்றாகத் தொடங்கி இரண்டாம் பக்கத்திலேயே என்னைக் கைவிட்டது. மூன்றாவது, தடித்த ஆங்கிலப் புத்தகம். பெட்டிகளையும் அம்புகளையும் வரைந்து, ஓர் அம்பை அவசரப்பட்டு அறுத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை பெட்டிகளும் தொலைந்துபோகும் என்று நிதானமாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே வாசிப்பில் புரிந்தது. கடையிலேயே கண் கலங்கிவிட்டது.

“புடிக்கலன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்து மாத்திக்கோ. கறை, கிறுக்கல் இருக்கக் கூடாதுலா” என்றார் பாய்.

வீட்டுக்கு வந்து பின்பக்கங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. கணினிக்குக் கட்டளையிடும் நிரல்கள் எல்லாம் சி என்ற கணினி மொழியில் இருந்தன. எங்கள் பாடமும் சோதனையும் ஜாவா மொழியில். கடையில் நிரல் வந்த பக்கங்களை எல்லாம் நான் தள்ளிக்கொண்டே போயிருந்தேன். நிரலைக் கண்டாலே எனக்குப் பயம். அதனால் படங்களை மட்டும் பார்த்திருந்தேன்.

பாய்க்குச் செய்தி அனுப்பினேன். ஜாவாவில் ஒன்று கடையில் இருக்கிறது, கொண்டுவந்து மாற்றிக்கொள் என்று பதில் வந்தது. நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அம்மா சாமி அறைக்குக் கொண்டுபோய்ச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அண்ணனின் மோட்டார், சோறு ஆக்கும் பானை, அவன் ஃபேக்டரிக்குக் காலில் போடும் சப்பாத்துகூடத் தப்பவில்லை. நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது புத்தகம் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. அட்டையின் நான்கு மூலையிலும் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். முதல் பக்கத்தில் பேனாவால் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி.

“ஒரு எடத்துல மரம் போட்டிருக்கான் பாரு, வேரு மேல இருக்கு, எல கீழ தொங்குது” என்று அம்மா, தகவல்களைக் கிளைகிளையாக அடுக்கும் படத்தைக் காட்டிச் சிரித்தார். “இப்புடிப் படிச்சா எப்புடி மண்டையில ஏறும்? அதான் சாமிகிட்ட வச்சேன்.”

“ஏம்மா என்னயக் கேக்காம வச்சீங்க?”

“புதுப் பொஸ்தகத்த வெறுமனே வப்பாங்களா? எத்தன தடவதான் பிள்ள அழுவுறதப் பாக்குறது?”

புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

மறுநாள் அண்ணனோடு கடைக்குப் போனேன். துடைத்துப் பார்த்திருந்தேன், மஞ்சள் கறை அட்டைக்குள் இறங்கியிருந்தது. பாய் முதல் பக்கத்தைத் திறந்து பிள்ளையார் சுழியைப் பார்த்தார்.

“அம்மாவா?”

“ஆமா பாய்.”

“நல்ல மனசுலா. ஆனா இத நான் யாருக்கு விக்க?”

புத்தகத்தைத் துணியால் ஒரு முறை துடைத்து என் பக்கம் நகர்த்தினார். எனக்குக் கோபம் வரவில்லை. யாரிடம் கோபப்படுவது? திரும்பி வரும்போது அண்ணனும் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

அடுத்த ஒரு வாரம் முழுவதும் சி நிரல்களை நானே ஜாவாவுக்கு மாற்றிப் பார்த்தேன். பெட்டிகளின் இடத்தைச் சுட்டிக்காட்டச் சி மொழியில் இருக்கும் குறிகள் ஜாவாவில் கிடையவே கிடையாது. திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள். அம்பு எங்கே போகிறது என்று தாளில் வரைந்து காட்ட என்னால் முடிந்தது. அதை ஒரு வரிகூட ஓட வைக்க முடியவில்லை. புரிந்தும் தோற்பது, புரியாமல் தோற்பதைவிட மோசம். புரியாதபோது இன்னும் படிக்க வேண்டும் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அம்மா தினமும் காப்பியை மேசையில் வைத்துவிட்டு, “ஏறுதாம்மா?” என்று கேட்பார். “ஏறுதும்மா” என்பேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை விரிவுரையாளரின் அறைக்குப் போனேன். படம் புரிகிறது, நிரல் வரவில்லை, முதலாண்டு மாணவர்களின் ஜாவா செய்முறை வகுப்பில் உட்காரலாமா என்று கேட்டேன். அங்கே எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள், உனக்குச் சங்கடமாக இருக்காதா என்றார். இருக்கும் என்றேன். கடைசி வரிசையில் ஒரு கணினி காலியாக இருப்பதாகச் சொல்லி, பெயரை எழுதிக்கொண்டார்.

நேற்று அந்தச் செய்முறை வகுப்புக்கு முதல் நாளாகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.