பைலட்டு வீட்டுப் பூசணிக்காய்

எண்பதுகளில் திருப்பதியிலிருந்து பெங்களூருக்கு ஒரு சின்ன விமானம் போய்வரும். அதில் துணை பைலட்டாக இருந்தவன் நான். பைலட் என்றதும் உங்கள் மனசில் ஒரு படம் வருகிறது பாருங்கள், அதை முதலில் அழித்துவிடுங்கள். அந்தப் படத்தால் நான் பட்ட பாடு போதும்.

பறந்த மணிக்குத்தான் எனக்குக் கூலி. டிக்கெட் விற்காவிட்டால் விமானம் நிற்கும், சம்பளமும் நிற்கும். சித்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் அக்கா என்னைவிட அதிகம் வாங்கினாள். கேப்டனுக்குக் கம்பெனி ஓட்டலில் அறை போட்டது. எனக்கு ரேணிகுண்டாவில் ஒரு மாடி அறை, வாடகை என் தலையில். ஸ்டவ்வில் சோறு வடித்துத் தின்றுவிட்டு, வெள்ளை யூனிபாரத்தை நானே துவைத்து உலர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில வாரம் விமானத்து வயர்லெஸ்ஸில் பேசினதுதான் நான் மனுஷரோடு பேசின பேச்சு.

வீடு ஒன்றும் சீமையில் இல்லை. புத்தலப்பட்டு, பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஆனாலும் போகமாட்டேன். போனால் ஊரே வந்து நிற்கும். ஒருவருக்கு மகன் வேலைக்குச் சிபாரிசு வேண்டும், இன்னொருவருக்கு மகள் கல்யாணத்துக்குக் கைமாற்று வேண்டும். இல்லை என்றால் நம்பமாட்டார்கள்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா ஏரிக்கரை நிலத்தை விற்றுத்தான் என்னைப் பறக்கப் படிக்க வைத்தார். விற்ற நிலத்தையே குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் தோள் துண்டை எடுத்து வீசுவாராம். அக்கா சொல்லித்தான் தெரியும். அத்தனை உயரத்திலிருந்து ஆளா தெரியும்?

அவர் ஒருவருக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. என்னை உள்ளபடி தெரிந்தவர் ஒருத்தர் வீட்டில் இருந்தால் போதும், நான் பயமில்லாமல் போய்வருவேன். அந்த நினைப்போடுதான் ஒரு வருஷம் அறுப்புப் பண்டிகைக்குப் போனேன்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்புப் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் ஏலம். நெல், கோழி, வாழைத்தார் என்று அவரவர் படைத்ததைக் கோயில் வாசலில் வைத்து சபைப் பெரியவரான மூப்பர் ஏலம் போடுவார். வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் விலையை ஏற்றிவிட வேண்டும், அது மரியாதை. தான் படைத்ததைத் தானே ஏலம் கேட்கக் கூடாது, வெளியூரிலிருந்து வந்த பிள்ளை கேட்கலாம், அது வழக்கம்.

நைனாவிடம் தனியாகப் பேச முடியவில்லை. அதற்குள் மூப்பர் எங்கள் வீட்டுப் பூசணிக்காயைத் தூக்கிவிட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. எலுமிச்சம்பழத்துக்கு அடித்துக்கொண்ட ஜனம், நான் பெரிய தொகையாகச் சொல்லட்டும் என்று எனக்காக ஒதுங்கி நின்றது.

"பைலட்டு பாபு, நீங்கதான் ஆரம்பிக்கணும்" என்றார் மூப்பர்.

"ரெண்டு ரூபாய்" என்றேன். பஸ் சார்ஜ் போக என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

"வெளையாடாதீங்க பாபு. ஆகாசத்துல போய்க்கினு கீற ஆளு ரெண்டு ரூபாய்ன்னா இன்னா அர்த்தம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் சம்பளத்துக்கு அதுவே ஜாஸ்தி. எங்க அக்கா சம்பளம் என்னோடதைவிட அதிகம், வேணும்னா கேட்டுப் பாருங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. எவ்வளவு பணிவு பார் என்று யாரோ மெச்சினார்கள். வாழ்க்கையில் அத்தனை பேருக்கு நடுவில் அத்தனை தனியாக நான் நின்றதில்லை.

அப்போது பின்னாலிருந்து, "அம்பது" என்று ஒரு குரல். நைனா. தான் படைத்த காயைத் தானே கேட்கிறார். மூப்பர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, "புள்ளைக்காக அப்பன் கேக்கறாரு, தப்பில்ல" என்று ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லி முடித்துவிட்டார். விதைக் கடலைக்கு வைத்திருந்த பணத்தை நைனா எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது நானே ஆரம்பித்தேன். "நைனா, நான் சொன்னது..."

"தெரியும் நைனா" என்றார். எங்கள் பக்கம் அப்பாவும் மகனை ஆசையாக அப்படித்தான் கூப்பிடுவார். "அவங்கல்லாம் சிரிச்சாங்க. நீ சிரிக்கல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த பண்டிகைக்கு நீ வராத. டூட்டி கீதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

எனக்காகத்தான் சொன்னார். அது தெரிந்தும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது.

மறுவருஷம் பண்டிகை ஞாயிறு எனக்கு டூட்டி இல்லை. அதை நைனாவுக்கு முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன், மனசு மாறி வா என்பாரோ என்று. அவர் கூப்பிடவில்லை. அன்று முற்பகல் அறையில் படுத்தபடி, வேறொருவன் ஓட்டிப்போன விமானத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அக்கா என்னைப் பார்க்க வந்தாள். என் டூட்டி விவரம் அவளுக்குத் தெரியாது.

"ஏலம் நடந்துகினு இருக்கும்போது பிளேன் சத்தம் கேட்டுச்சி. நைனா எழுந்து துண்டை வீசிக்கினே, எம்புள்ள போறான்னாரு. சபையே எழுந்து கையை ஆட்டிச்சி. நீ பாத்தியாடா?"

"பாத்தேங்க்கா" என்றேன்.